துணி அறையைக் காட்டிய அம்பு

போர்டுக்காரன் ஒட்டிய அம்புக்குறிகளை நம்பி, முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு வியாழக்கிழமை காலை துணி துவைக்கும் அறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைக்கு அங்கே தீ விபத்து ஒத்திகை. உரிமம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். மணி அடித்ததும் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து, சுவரில் இருக்கும் பச்சை அம்பு காட்டுகிற பக்கம் நடந்து, நடைவழிக் கடைசியில் திரும்பினால் இருக்கும் அவசரக் கதவு வழியாகப் பின்பக்கம் போய் நிற்க வேண்டும். ஏற்பாடெல்லாம் சரிதான். அம்பு மட்டும் எதிர்ப்பக்கம் காட்டியது. அந்தப் பக்கக் கடைசியில் துணி அறை.

ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியது வேறு யாருமில்லை, போர்டுக்காரனின் அம்மா. நடக்கப் பிடித்துக்கொள்ளும் வாக்கரை டக் டக்கென்று முன்னால் வைத்து, சுற்றுலா கூட்டிப் போகும் டீச்சர் மாதிரி அவள் போக, பின்னால் சக்கர நாற்காலிகளும் கைத்தடிகளும் வரிசையாகப் போயின. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் துணி அறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, எடம் நெறைய இருக்கு, வாசல்ல நிக்காதீங்க" என்று பழைய பழக்கத்தில் எல்லோரையும் உள்ளே அடைத்தார். வெளியே விடாத மழை என்பதால் துவைத்த போர்வைகளை உள்ளேயே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மெஷின் சூடு வேறு இதமாக இருந்தது. காது கேட்காத அம்மா ஒருத்தி துண்டுக் குவியலில் சாய்ந்து கண்ணயர்ந்தே போனாள்.

அதிகாரி பின்பக்கத்தில் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு, ஆளைக் காணோமே என்று உள்ளே வந்து, ஈரப் போர்வை ஒன்றை விலக்கினார். உள்ளே இத்தனை முகங்கள். நிஜமாகவே தீப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் ஒரே வரியில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அப்புறம் போர்டுக்காரனைப் பார்த்தார்கள். தன் ஸ்டிக்கர் கடை வாசலில் பெரிதாக மாட்டலாமென்று ஒத்திகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த அவன், செல்போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தப்பு நடந்தது இப்படி. கண்ணாடிக் கதவுக்கு ஒட்டும் ஸ்டிக்கரை உள்பக்கமாக ஒட்டினால்தான் மழையும் நகமும் படாமல் நிற்கும். அதற்காக மெஷினில் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். இல்லத்தின் முன்கதவுக்கு அப்படி வெட்டியவன், மெஷினைப் பழையபடி மாற்றாமல் சுவருக்கான அம்புகளையும் அதே கையோடு வெட்டித் தள்ளிவிட்டான். எழுத்தாக இருந்திருந்தால் அப்போதே பல்லைக் காட்டியிருக்கும். அம்புக்கு அந்த வெட்கம் கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகப் பார்ப்பது போலவே இருக்கும். ஒட்டும்போதாவது கவனித்திருக்கலாம். ஆனால் ஒட்டும்போது அவன் கண்டக்டரோடு கதை பேசிக்கொண்டிருந்தான். கடைசி அம்பை ஒட்டுவதற்குள் டீ வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய், டிசைன் போட்டது நீதானே என்று மனைவியின் மேல் பழியைத் தள்ளிப் பார்த்தான். கடையில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவளுடையது. வெட்டுவதும் ஒட்டுவதும் வாய் பேசுவதும் இவன் இலாகா.

"நான் போட்ட அம்பு ஒழுங்காத்தான் பாத்துச்சு" என்றாள் அவள். "உங்க கைக்கு வந்தப்புறம்தான் அதுக்குப் புத்தி கெட்டுப் போச்சு."

சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். காய் நறுக்கும்போது நினைத்து மறுபடி சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, எல்லோருக்கும் முன்னால் ஜம்மென்று நடந்து போனாள் என்றான். அப்போதுதான் அவனுக்கே அது உறைத்தது. அம்மா தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தத் துணி அறையில்தான் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொடுப்பாள். சும்மா இருக்க அவளுக்கு வராது. அவளுக்கா வழி தெரியாது?

மறுநாள் காலை அம்புகளை உரித்து எடுக்கப் போனான். ஒட்டுகிற வேலைக்கு ஒரு மடங்கு பொறுமை போதும், உரிக்கிற வேலைக்குப் பத்து மடங்கு வேண்டும். சூடு காட்டி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, பெயின்ட் பெயராமல் இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, புது அம்பு எங்கிருந்து தெரிய வேண்டும் என்று பார்ப்பதற்காக, முதல்முறையாக அந்த நடைவழியைச் சரியான பக்கமாகக் கடைசி வரை நடந்தான். திரும்பினான்.

அவசரக் கதவு இருந்தது. கையால் தள்ளினாலே திறந்துகொள்கிற மாதிரி குறுக்கே கம்பி வைத்த நல்ல கதவு. அந்தக் கம்பியைச் சுற்றி ஒரு சங்கிலி. சங்கிலியில் மாங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. கதவின் முன்னால், தலையைப் படிய வாரி, கையில் தோல் பை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவருக்கு அங்கே ஆபீஸ்காரர் என்று பெயர். வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்.

"இன்னும் சாவி வரல போலிருக்கு" என்றார் அவர், நேரம் ஆகிவிட்ட கவலையோடு. "நேத்து மட்டும் எப்படித் தொறந்து வெச்சிருந்தாங்கன்னு தெரியல."

போர்டுக்காரன் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். புதுச் சங்கிலி இல்லை. கம்பியில் அது உராய்ந்து உராய்ந்து பெயின்ட் போய் வெளுத்த தடம் இருந்தது.

இல்லத்தின் நிர்வாகியை எல்லோரும் மேடம் என்பார்கள். குரலை உயர்த்தவே தெரியாதவர். தன் சாப்பாட்டை ஆறவிட்டு அடுத்தவருக்கு ஊட்டிவிடுவதை அவனே பார்த்திருக்கிறான். அதனால் பூட்டைப் பற்றிக் கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டான். பின்பக்கச் சுவர் வேலை நடக்கிறது, அதனால் தற்காலிகமாக என்றார் மேடம். எந்தச் சுவர் என்று எட்டிப் பார்த்தான், வேலை எதுவும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது என்றார் அடுத்து. கடைசியில், அதிகாரி மறுபடி வரப்போகிறார், அதற்குள் அம்பை மட்டும் சரியாக ஒட்டிக்கொடுத்தால் போதும், மற்றதை இல்லம் பார்த்துக்கொள்ளும் என்று கனிவாகச் சொல்லி டீ வரவழைத்தார். டீயைக் குடித்துவிட்டான். அவன் அப்படித்தான். யாராவது கனிவாகப் பேசினால் கேட்க வந்தது மறந்துபோகும்.

அம்மாவின் அறையில் போய் உட்கார்ந்தான். அவள் ஜன்னலோரம் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனியில் ஒரு வரிசைக்கே மேற்பார்வை பார்த்தவள். ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி மட்டும் போதும், ஆள் துணை வேண்டாம். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் படி ஏற முடியாமல் போனதால்தான் இங்கே வந்தாள். போர்டுக்காரனின் வீடு கடைக்கு மேலே. போகிற வழி, சுவரோடு ஒட்டிய இரும்புப் படி. ஆடு ஏறவே யோசிக்கும்.

"ஏம்மா, துணி ரூமுன்னு தெரிஞ்சும் எதுக்கு அங்க போன?"

"கண்ணாடி போடல."

"பின்னாடி கதவைப் பூட்டி வெச்சிருக்காங்க, தெரியுமா?"

"அம்பு ஒட்ட வந்தியா, ஒட்டிட்டுப் போ."

"பயமா இருந்தா சொல்லு. வீட்டுக்கு வந்துடுறியா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மருமகளுக்கு இருமல் விட்டுச்சா?" என்றாள்.

நேராகக் கேட்டால் வளைந்து பதில் சொல்வது அந்தக் குடும்பத்து வழக்கம். அவனுக்கும் அது வந்தது. வேடிக்கையாக ஏதாவது சொல்லிக் கடந்துவிடுவான். வெளியே வந்தவனைக் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். நடைவழி நாற்காலியில் அவனையும் உட்காரவைத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்கிற குரலில் ரகசியம் சொன்னார்.

"தம்பி, உங்கம்மா நேத்துக் கண்ணாடி போட்டுத்தான் இருந்தாங்க."

"அப்புறம் எதுக்கு ஐயா...?"

"முந்தின நாள் நீங்க அம்பு ஒட்டிட்டுப் போனப்பவே பாத்துட்டாங்க. என் மவன் தப்பா ஒட்டியிருக்கான், யாரும் வாயைத் தொறக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அந்தக் கதவு ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும்தான் தொறக்கும். ஒத்திகை நல்லபடியா முடிஞ்சா, பாஸுன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. போனதும் மறுபடியும் சங்கிலி. கெட்டுப் போனாத்தானே மறுபடி வருவாரு? அவரு வர்றதுக்குள்ள சங்கிலியை எடுக்க வெச்சிடலாம்னு உங்கம்மா கணக்கு."

போர்டுக்காரனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அம்மா பெற்ற மகனையே பலி கொடுத்திருக்கிறாள் என்பதற்குக் கோபப்பட வேண்டுமா, அவள் மூளையை மெச்ச வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தான். மறுபடி அவள் அறைக்குள் போய் நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஒரு ஜோக்கு அடிச்சிருப்ப. மேடம் சிரிச்சிருப்பாங்க. நீயும் சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்ப." அம்மா சட்டையை உதறி மடித்தாள். "வேலை பாத்த காலம் பூரா பூட்டின கதவுக்கு உள்ள உக்காந்துதான் தச்சேன். துணி திருட்டுப் போயிடுமாம். அப்ப வயித்துக்காக வாயை மூடிட்டு இருந்தோம். இப்ப எனக்கு என்ன, பிரமோஷனா நின்னு போயிடும்?"

அவன் சிரிக்க வாய் திறந்து, சிரிக்காமல் வந்தான்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இரும்புப் படியை எட்டிப் பார்த்தாள். கீழே கடையிலேயே ஒரு பக்கம் தடுத்துக் கட்டில் போட முடியுமா என்றாள். பெயின்ட் வாடையிலும் மெஷின் சத்தத்திலும் அம்மா எப்படித் தூங்குவாள் என்றான் இவன். சங்கிலி போட்ட கதவுக்குப் பின்னால் எப்படித் தூங்குகிறார்கள் என்றாள் அவள். இன்னொரு இல்லம் தேடலாமென்றால், அங்கே எந்தக் கதவில் என்ன பூட்டு என்று யார் கண்டது? இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். முடிவு வரவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது மனைவி திரும்பிப் பார்க்காமலே ஒன்று கேட்டாள்: "பூட்டின கதவைக் காட்டுற அம்பை நீங்க ஒட்டப் போறீங்களா?"

சனிக்கிழமை புது அம்புகளோடு போனபோது இல்லத்தில் ஏதோ மாறியிருந்தது. சாப்பாட்டுக் கூடம் காலி. சத்தம் வந்த பக்கம் போனான். நடைவழிக் கடைசியில், அவசரக் கதவுக்கு முன்னால் அத்தனை நாற்காலிகளும் போடப்பட்டிருந்தன. மடியில் தட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டியை நனைத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு நனைத்துக் கொடுத்தபடி, வேலை பார்க்கும் பெண்கள் மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். சங்கிலிக்குப் பக்கத்தில் அம்மா. அவளுக்கு அடுத்து தோல் பையோடு ஆபீஸ்காரர், ஏதோ மீட்டிங்குக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சங்கிலியை எடுக்கும்வரை மூன்று வேளையும் இங்கேதான் சாப்பாடு என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். மேடம் அம்மாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை.

"அம்மா, நான் வேணும்னேவா பூட்டுறேன்? இந்த ஆபீஸ்காரரு ஒரு தடவை ரோட்டு வரைக்கும் போயிட்டாரு. லாரிக்காரன் பிரேக் அடிச்சதால உசுரோட இருக்காரு. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான்தான?"

"நியாயம்தான்" என்றாள் அம்மா. "அவரைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். நீங்க ஆள் போடல, பூட்டுப் போட்டீங்க. பூட்டுக்குச் சம்பளம் கெடையாது, லீவு கேக்காது. ஆனா நெருப்பு வந்தா அது எங்களைத் தூக்கிட்டு ஓடாது."

"ஆள் கேட்டு எழுதியிருக்கேன்மா. மேல இருக்கவங்க..."

"வர்ற வரைக்கும் நாங்க பாத்துக்கிறோம். கதவுல ஒரு மணி கட்டுங்க, தொறந்தா சத்தம் வரட்டும். கண்டக்டர் அண்ணன் காலைல உக்காருவாரு. மத்தவங்க மாத்தி மாத்தி உக்காருவோம். எங்களுக்கு வேற என்ன வேலை கெடக்கு?"

கண்டக்டர் எழுந்தே நின்றுவிட்டார். டிக்கெட் எடுக்காமல் ஒருவரைக்கூட இறங்க விட்டதில்லை என்றார். ஆபீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, தன்னிடம் பாஸ் இருக்கிறது என்றார். சூப்பு குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, போர்டுக்காரனிடம் திரும்பினார். அதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்றும், அதற்குள் அம்புகள் ஒட்டியாக வேண்டும் என்றும், அம்மாவுக்கு மகனாக அவன் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அதே கனிவு. டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அம்புச் சுருளை ஓரமாக வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனான். மனைவியிடம் புது ஸ்டிக்கருக்கான வாசகத்தைச் சொன்னான். அவள் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பெரிய எழுத்தா நடுத்தர எழுத்தா என்று மட்டும் கேட்டாள். அவளே வந்து மெஷினை இரண்டு முறை சரிபார்த்தாள். எழுத்து ஒழுங்காக வெட்டி வந்தது.

திரும்பி வந்து, கதவைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தான். சங்கிலிக்கு நேர் மேலே, கண் மட்டத்தில், கோடு போட்டு அளவு பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் கட்டையால் நிதானமாகத் தள்ளித் தள்ளி ஒட்டினான். அவன் வாழ்நாளில் ஒட்டியதிலேயே ஒரு குமிழிகூட இல்லாத ஸ்டிக்கர் அதுதான். வேலை முடியும்வரை யாரோடும் கதை பேசவில்லை. எழுத்தின் மேலிருந்த காகிதத்தை உரித்ததும், கண்டக்டர் பின்னாலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்டாப்பிங் பெயர் சொல்வதுபோல வாசித்தார்:

"அவசர வழி. அதிகாரி வரும் நாள் மட்டும் திறக்கும்."

காது கேட்காத அம்மா பக்கத்திலிருந்தவளைத் தட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவள் காதோரம் கத்திச் சொன்னாள். கேட்டதும் காது கேட்காத அம்மா கை தட்டினாள்.

மேடம் வந்து பார்த்தார். படித்தார். திரும்ப ஒரு தரம் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. உடனே உரித்து எடுக்கச் சொன்னார்.

"உரிக்கலாம் மேடம். சங்கிலியை எடுங்க, நானே உரிச்சிட்டு அம்பு ஒட்டுறேன். காசு வேணாம். மணியும் நானே வாங்கிக் கட்டுறேன்."

"சார், இது இல்லத்தோட பேரைக் கெடுக்கிற காரியம்." அவர் குரல் இப்போதும் உயரவில்லை. "உங்களுக்கு இங்க நம்பிக்கை இல்லன்னா அம்மாவை நீங்க கூட்டிட்டுப் போயிடலாம். நிறையப் பேர் எடத்துக்குக் காத்திருக்காங்க. இன்னைக்கே கூட நான் ஏற்பாடு பண்ணித் தர்றேன்."

ஒரு ஸ்டிக்கரில் அம்மாவின் கட்டிலையே பறிகொடுத்துவிட்டோமோ என்று போர்டுக்காரன் பயந்தான். இரும்புப் படி கண் முன்னால் வந்தது. இருக்கட்டும், முதுகில் சுமந்தாவது ஏற்றிவிடலாம் என்று நினைத்தான். தன் முதுகு எப்படிப்பட்டது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்துக்கொள்வான். தேடிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை.

அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"அம்மா, நான்தான் காரியத்தைக் கெடுத்துட்டேன் போல. கடையில ஒரு பக்கம் தடுத்துக் கட்டில் போட்டுடலாம்னு அவ சொல்றா. இருமலைப் பத்திக் கேக்காத, கண்ணாடி போடலன்னு சொல்லாத. ஒழுங்கா ஒரு பதில் சொல்லு. வீட்டுக்கு வந்துடுறியா?"

அம்மா தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்று முழுங்கினாள். கையைத் துண்டில் துடைத்தாள். அவனைப் பார்த்தாள், அப்புறம் அவன் தலைக்கு மேலே மேடத்தையும் பார்த்தாள்.

"வர மாட்டேன். நான் இருக்கிறது இங்க, இதான் என் வீடு. வீட்டுக் கதவு தொறக்கலன்னா கதவைத்தான் தொறக்க வைப்பாங்க, எந்திரிச்சு அடுத்த வீட்டுக்குப் போக மாட்டாங்க."